சர்க்கரை நோயும் மனத்துயரும்: நாம் மறந்துபோன ஒரு மருத்துவ மரபு

 

என் அத்தா 14 ஆண்டுகள் சர்க்கரை நோயுடன் வாழ்ந்து, பின்னர் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றுக்கொண்டார்கள். பெரம்பலூர் பகுதியில் பருத்தி வாங்கி விற்பது அவர்களுடைய தொழில். காலில் ஆறாத புண் ஏற்பட்டு வலது காலின் ஒரு விரலை எடுக்க நேர்ந்த பிறகு, பஜ்ர் ஜமாஅத்துக்குப் போவதை நிறுத்திவிட்டார்கள். திண்ணையில் அமர்ந்திருப்பார்கள், தெரிந்தவர் யாரேனும் வருவதைக் கண்டால் எழுந்து உள்ளே போய்விடுவார்கள். ஓர் இரவு என்னை அழைத்து, "தம்பி, இந்த ஊசியும் மாத்திரையும் போதும்னு இருக்கு. காலையில எதுக்கு எழுந்திரிக்கிறேன்னே தெரியல" என்றார்கள்.

மத்ரஸாவில் பாடம் சொல்லித் தரும் நான் அப்போது என்ன சொன்னேன் தெரியுமா? "ஸப்ர் செய்யுங்கள், அத்தா. இப்படிக் கலங்குவது ஈமான் உடையவருக்கு அழகல்ல" என்றேன். பொறுமையின் சிறப்பைப் பற்றிக் கால்மணி நேரம் பேசிவிட்டு எழுந்து வந்தேன். அதற்குப் பிறகு அவர்கள் தம் நோயைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர்களுடைய மறைவுக்குப் பின்னர், மருத்துவ வரலாற்றைப் பற்றிய நூல்களைப் படிக்கும் வாய்ப்பு அமைந்தது. அன்றிரவு நான் சொன்னது மருத்துவத்தின்படியும் பிழை, மார்க்கத்தின்படியும் பிழை என்பதை அப்போதுதான் அறிந்தேன். அந்த வரலாற்றை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

உடலையும் உள்ளத்தையும் சேர்த்துப் பார்த்தவர்கள்

சர்க்கரை நோய் புதிய நோயன்று. நம் நாட்டின் பண்டைய மருத்துவரான சுசுருதர், தேன் போன்ற சிறுநீர் வெளியேறும் நோயாக இதனை விவரித்தார். நம் தமிழ் மருத்துவமும் இதனை மதுமேகம், நீரிழிவு என்ற பெயர்களால் அறிந்திருந்தது. இஸ்லாமிய உலகில் 1037இல் மறைந்த இப்னு ஸீனா (ரஹ்) அவர்கள், தம் 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் இந்நோயையும் அதனால் தசை அழுகுவதையும் குறித்துள்ளதாக மருத்துவ வரலாற்றாசிரியர்கள் எடுத்துரைக்கின்றனர். 1231இல் மறைந்த பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் அவர்கள், இந்த ஒரு நோய்க்கென்றே தனி நூல் எழுதினார்கள்.

இவர்களுக்கும் முற்பட்டவர் அபூ ஸைத் அல்பல்கீ (ரஹ்). இன்றைய ஆப்கானிஸ்தானிலுள்ள பல்க் பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிறந்து 934இல் மறைந்த அறிஞர். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்பது அவருடைய நூலின் பெயர். உடல்களுக்கும் உள்ளங்களுக்கும் நன்மை தருபவை என்பது அதன் பொருள். நூலின் முதற்பகுதி உடலைப் பற்றியது. அடுத்த பகுதியின் எட்டு அத்தியாயங்களும் உள்ளத்தைப் பற்றியவை. அச்சம், கோபம், துக்கம், விடாது அலைக்கழிக்கும் எண்ணங்களாகிய வஸ்வாஸ் ஆகிய நான்கையும் அவர் தனித்தனியே ஆராய்கிறார். காரணம் தெரிந்த துக்கம், காரணம் தெரியாமல் உள்ளத்தை அழுத்தும் துக்கம் என்று துக்கத்தையே இரண்டாகப் பிரித்தும் காட்டுகிறார்.

அல்பல்கீ அவர்களின் கருத்துகளில் இரண்டு என் நெஞ்சில் தைத்தன. மனிதன் உடலாலும் உள்ளத்தாலும் ஆனவன். ஒன்று நோயுற்றால் மற்றதும் நலிவடையும். ஆகவே உடலுக்கு மட்டும் மருந்து தருகிற மருத்துவர் பாதி வேலையையே செய்கிறார் என்பது முதலாவது. உடல் நலமாக இருக்கும்போதே வீட்டில் மருந்து சேமித்து வைப்பதுபோல, மனம் தெளிவாக இருக்கும்போதே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும். துக்கம் வந்து மனம் தடுமாறும்போது பிறருடைய இதமான சொல்லும் மருந்தாகும் என்பது மற்றது.

இது நூலோடு நின்றுவிடவுமில்லை. உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயஸீத் 1488இல் எதிர்னே நகரில் கட்டிய மருத்துவமனையில், நோயாளிகளின் மனத்தைத் தேற்ற வாரம் மூன்று முறை இசைவாணர்கள் வந்து பாடியதைப் பயணி எவ்லியா செலபி பதினேழாம் நூற்றாண்டில் எழுதி வைத்துள்ளார். நோயாளியின் உள்ளம் மருத்துவமனையின் பொறுப்பு என்பதை அக்காலத்தார் ஐயமின்றி ஏற்றிருந்தனர்.

ஊசி வந்தது, உள்ளம் மறந்தது

ஐரோப்பாவிலும் தொடக்கத்தில் இதே பார்வை இருந்தது. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கில மருத்துவர் தாமஸ் வில்லிஸ், சர்க்கரை நோயாளியின் சிறுநீர் தேன் கலந்ததுபோல் இனிப்பதாக எழுதியவர். நீண்ட காலத் துயரம் இந்நோயைத் தோற்றுவிக்கும் என்றும் அவர் கருதினார். துயரமே நோயின் மூலம் என்ற அவருடைய முடிவை இன்றைய மருத்துவம் அப்படியே ஏற்பதில்லை. எனினும் இந்நோயும் துயரமும் ஒன்றாக வருவதை அவர் கண்டுகொண்டார்.

1921இல் கனடாவின் டொராண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்பட்டது. 1922 சனவரி 11 அன்று லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அதுவரை இளவயதினருக்கு இந்நோய் வந்தால் சில மாதங்களிலோ சில ஆண்டுகளிலோ மவ்த்து என்பதே விதியாக இருந்தது. இன்சுலின் அல்லாஹ்வின் மாபெரும் அருட்கொடை, அதில் ஐயமில்லை. ஆயினும் அதற்குப் பின் நோய் எண்களுக்குள் அடங்கிப்போயிற்று. வெறும் வயிற்றில் எவ்வளவு, உணவுக்குப் பின் எவ்வளவு, மூன்று மாதச் சராசரி எவ்வளவு என்று கேட்கத் தொடங்கினோம். "நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்ற கேள்வி நின்றுபோனது.

அந்தக் கேள்வியைத் திரும்பக் கொண்டுவந்தவர்களில் நோயாளிகளும் உண்டு. சர்க்கரை நோயால் சாவின் விளிம்புக்குச் சென்று இன்சுலினால் மீண்டவர் லண்டன் மருத்துவர் ஆர்.டி. லாரன்ஸ். அவரும், அதே நோயுடைய எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸும் சேர்ந்து 1934இல் சர்க்கரை நோயாளிகளுக்கென ஒரு சங்கம் தொடங்கினார்கள். ஒரே நோயுடையவர்கள் ஒன்றுகூடிப் பேசிக்கொள்வதும் ஒருவருக்கொருவர் துணை நிற்பதும் சிகிச்சையின் பகுதியே என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பெற்றது.

1995இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலான்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 20 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை வெளியிட்டனர். உணவைப் பற்றிய ஓயாத கவலை, பின்விளைவுகளைப் பற்றிய அச்சம், தன் நோயைக் குடும்பத்தார் புரிந்துகொள்ளவில்லை என்ற தனிமை ஆகியவற்றை அளக்கும் படிவம் அது. இந்நோயோடு நாள்தோறும் போராடுவதால் வரும் மனச்சோர்வு ஒன்று. சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு நோய் மற்றொன்று. இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கும் வழி இதனால் தெளிவாயிற்று. 2001இல் வெளியான, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஒரு கட்டுரை, சர்க்கரை நோயுள்ளவர்களுக்கு மனச்சோர்வு நோய் வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது.

நம் தமிழகத்தில்

தமிழகத்தில் சர்க்கரை நோய்க்கான தனிச் சிகிச்சைக்கு அடித்தளமிட்டவர் பேராசிரியர் எம். விசுவநாதன். 1948இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் இந்நோய்க்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கினார். 1954இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையை நிறுவினார். அவருடைய மகன் மருத்துவர் வி. மோகனும் குழுவினரும் சென்னையில் நடத்திய பெரிய ஆய்வொன்றில், 25,000க்கும் மேற்பட்டவர்களிடம் மனச்சோர்வைப் பற்றிக் கேட்டறிந்தனர். நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் மனச்சோர்வு இருந்தது 2009இல் வெளியான அதன் முடிவுகளில் தெரியவந்தது. கண், நரம்பு, கால் ஆகியவற்றில் பின்விளைவுகள் ஏற்பட்ட சர்க்கரை நோயாளிகளிடம் மனச்சோர்வு மிகுதி என்பதை அவர்களுடைய அடுத்த ஆய்வு காட்டியது. இதை வாசித்தபோது திண்ணையில் அமர்ந்திருந்த அத்தாவின் முகமே என் கண்முன் நின்றது.

இதைவிட முக்கியமான ஆய்வு 2020இல் வெளிவந்தது. சென்னை, டெல்லி, பெங்களூரு, விசாகப்பட்டினம் ஆகிய நான்கு நகரங்களின் சிகிச்சை மையங்களில், சர்க்கரை நோயும் மனச்சோர்வும் சேர்ந்திருந்த 404 பேரை இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றப் பிரிவினருக்கு அதனுடன் ஒரு துணையாளரும் அமர்த்தப்பட்டார். அவர் மருத்துவர் அல்லர்; பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர். நோயாளியிடம் தொடர்ந்து பேசுவது, அவர் சொல்வதைக் கேட்பது, சிறு சிறு மாற்றங்களுக்கு ஊக்கம் தருவது, அவருடைய நிலையை மருத்துவர்களிடம் எடுத்துச் சொல்வது ஆகியவை அவருடைய பணி. சர்க்கரை நோய் மருத்துவரும் மனநல மருத்துவரும் அவ்வப்போது கூடி ஒவ்வொருவரின் நிலையையும் ஆராய்ந்தனர்.

24 மாதங்கள் கழித்துக் கணக்கிட்டபோது, மனச்சோர்வின் அறிகுறிகள் பாதியேனும் குறைந்து, கூடவே சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றேனும் சீரடைந்தவர்கள், துணையாளர் அமைந்த பிரிவில் நூற்றுக்கு 71.6 பேர், வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 57.4 பேர். அக்கறையோடு கேட்கும் ஒருவரும், அவருக்குப் பின்னால் ஒத்துழைக்கும் மருத்துவர்களும் இருந்தால் உள்ளமும் தேறுகிறது, உடலும் தேறுகிறது என்பதற்கு இது நம் நாட்டிலேயே கிடைத்த சான்று.

இதன் காரணத்தை விளங்கிக்கொள்வது எளிது. கவலையும் அச்சமும் மிகும்போது உடலில் சுரக்கும் சில சுரப்புநீர்கள் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்துகின்றன. மனம் தளர்ந்தவர் மாத்திரையைத் தவறவிடுகிறார், நடைப்பயிற்சியை விடுகிறார், உணவில் கவனம் இழக்கிறார். சர்க்கரை ஏறுகிறது, அதைக் கண்டு மனம் மேலும் தளர்கிறது. இந்தச் சுழலை உடலின் பக்கமிருந்து மட்டும் அறுப்பது கடினம்.

நம் மாவட்டங்களின் நிலை

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கின்றனர். நம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களும் இதற்கு விலக்கல்ல. 1995 வரை இவ்விரண்டும் திருச்சி மாவட்டத்தின் பகுதிகள். பெரம்பலூர் 1995இல் தனி மாவட்டமானது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைக்கப்பட்டு, 2007இல் இப்போதைய மாவட்டமாக உருவானது. பெரிய சிகிச்சை என்றால் திருச்சிக்குப் பேருந்து ஏறுவதே நம் பெரியவர்கள் கண்ட வாழ்க்கை. 2022 சனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தால் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் உரிய மாத்திரைகள் இன்று வீடு தேடி வருகின்றன. அல்ஹம்துலில்லாஹ்!

மாத்திரை வீடு வந்து சேர்ந்துவிட்டது. ஆறுதல் இன்னும் வரவில்லை. லப்பைக்குடிக்காடு போன்ற நம் ஊர்களில் வீட்டுக்கொருவர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார். அங்கே நோயை மறைத்து உழைக்கும் மகன். இங்கே அவனிடம் சொன்னால் கவலைப்படுவான் என்று தன் நோயை மறைக்கும் தாய். மகளுக்கு வரன் வரும் நேரத்தில் வீட்டில் சர்க்கரை இருப்பது வெளியே தெரியக்கூடாது என்று வாய்மூடும் தந்தை. விருந்துக்குப் போனால், "இனிப்பைத் தின்று தானே இழுத்துக்கொண்டீர்கள்" என்று எல்லோர் முன்னும் சொல்லும் உறவினர். இப்படி நோயோடு வெட்கமும் சேர்ந்துகொள்கிறது.

மனத்துயர் என்றால் பைத்தியம் என்றோ, ஜின்னின் தீங்கு என்றோ, ஈமானின் குறைவு என்றோ சொல்லிவிடும் பழக்கமும் நம்மிடம் உள்ளது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகி மாண்டதை நாம் மறக்கவியலாது. அவர்களை அங்கே சேர்த்தவர்கள் குடும்பத்தார்தாம். வேறு வழி அறியாதவர்கள். மருந்தையும் துஆவையும் சேர்த்தே தர வேண்டும் என்ற கருத்தில் குஜராத்தின் உனாவாவிலுள்ள தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும் மனநல மருத்துவர்கள் அமர்த்தப்பட்டது அதன்பின் ஏற்பட்ட நல்ல மாற்றம்.

ஸப்ர் என்பதன் பொருள்

இனி என் பிழைக்கு வருகிறேன். ஸப்ர் என்றால் கலங்காமல் இருப்பது என்று நான் எண்ணியிருந்தேன். ஆனால் திருக்குர்ஆன் பொறுமைக்கு எடுத்துக்காட்டாக யாரைக் காட்டுகிறது? அய்யூப் (அலை) அவர்களைக் காட்டுகிறது. அவர்கள் தமக்கு நேர்ந்த துன்பத்தைத் தம் இறைவனிடம் வாய்விட்டு முறையிட்டார்கள். அல்லாஹ்வோ அவர்களைப் பொறுமையாளர் என்று போற்றினான். அழகிய பொறுமையைக் கைக்கொண்ட யஃகூப் (அலை) அவர்கள், மகனைப் பிரிந்த துக்கத்தால் கண்கள் வெளுக்கும் அளவுக்கு அழுதார்கள். துக்கம் அவர்களுடைய நபித்துவத்திற்கு எந்தக் குறையையும் சேர்க்கவில்லை.

நம் நாயகம் (ஸல்) அவர்கள் ஹிரா குகையிலிருந்து நடுக்கத்தோடு வீடு திரும்பியபோது கதீஜா (ரலி) அன்னையார் என்ன செய்தார்கள்? முதலில் போர்வையால் போர்த்தினார்கள். நடுக்கம் தீரும்வரை காத்திருந்தார்கள். நடந்ததைக் கேட்டார்கள். பின்னர் அவர்களுடைய நற்பண்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லி, அல்லாஹ் உங்களைக் கைவிடமாட்டான் என்று தேற்றினார்கள். போர்த்தவும் இல்லை, காத்திருக்கவும் இல்லை, கேட்கவும் இல்லை. நேராக உபதேசத்திற்குப் போய்விட்டவன் நான்.

துக்கத்தில் இருப்பவர்களுக்கும் நோயாளிகளுக்கும் தல்பீனா என்னும் வாற்கோதுமைக் கஞ்சியைத் தருமாறு ஆயிஷா (ரலி) அன்னையார் சொல்வார்கள்; அது நோயாளியின் உள்ளத்திற்கு இதமளித்து, துக்கத்தில் ஓரளவைப் போக்கும் என்று நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து கேட்டதையும் அறிவித்துள்ளார்கள். நோயாளியின் வயிற்றோடு அவருடைய உள்ளத்தையும் எண்ணிப் பார்த்த வழிமுறை நம்முடையது. நோயாளியைச் சந்திப்பதை ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் செய்ய வேண்டிய கடமைகளில் ஒன்றாக ஆக்கியதும் அதனால்தான்.

ரமளானில் மறைந்திருக்கும் வேதனை

நம் வீடுகளில் இந்த மனத்துயர் உச்சத்தை அடையும் மாதம் ரமளான். 2001இல் 13 நாடுகளில் 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், இரண்டாம் வகை நோயுள்ளவர்களில் நூற்றுக்கு 79 பேர் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை இறங்கிப்போன நிகழ்வுகள், அவ்வகையினரிடம் மற்ற மாதங்களைவிட ஏழு மடங்குக்கும் மேலாயின.

நோயாளிக்குச் சலுகை உண்டு என்பது திருக்குர்ஆனில் தெளிவாக உள்ளது. அதைப் பயன்படுத்துவதற்குத் தடையாக இருப்பது ஊரின் பார்வை. என் அத்தாவும் ஒரு ரமளானில் வீட்டாருக்குத் தெரியாமல் மாத்திரையை விட்டு நோன்பு வைத்து, அஸர் நேரத்தில் மயங்கி விழுந்தார்கள். "நோன்பில்லாதவனா எப்படி இஃப்தாருக்குப் பள்ளிவாசல்ல போய் உட்காருவேன், தம்பி?" என்று பின்னர் கேட்டார்கள். இன்று மருத்துவர்களும் மார்க்க அறிஞர்களும் சேர்ந்து நோயின் கடுமைக்கேற்ப வழிகாட்டுதல்களை வகுத்துள்ளனர். ரமளானுக்கு ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு முன்பே மருத்துவரிடம் ஆலோசனை பெற வேண்டும் என்பது அவற்றுள் முதன்மையானது. நோன்பு கூடாது என்று மருத்துவர் சொன்னவரை இஃப்தாரில் முதல் வரிசையில் அமர்த்திக் கஞ்சி தருவது ஜமாஅத்தாரின் பொறுப்பு. "நோன்பா?" என்று கேட்காமல் இருப்பதும் அவருக்குச் செய்யும் நன்மையே.

நாம் செய்யக்கூடியவை

வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், எண்ணைக் கேட்பதற்கு முன் அவரைக் கேளுங்கள். இரவு உறக்கம் வந்ததா, எது கவலையாக இருக்கிறது என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். குறை சொல்லாதீர்கள்; அவருக்கென்று தனிச் சமையல் செய்து ஒதுக்காமல், எல்லோரும் அதே உணவை உண்ணப் பழகுங்கள். மாலையில் அவரோடு சேர்ந்து நடந்துவாருங்கள்.

இரண்டு வாரங்களுக்கு மேலாக எதிலும் நாட்டமின்மை, உறக்கமின்மை, அழுகை, வாழ்ந்து என்ன பயன் என்ற பேச்சு ஆகியவை தொடர்ந்தால், அதை ஒரு நோயாகவே கருதி மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற பேச்சு எழுந்தால் இரண்டு வாரங்கள் காத்திருக்க வேண்டாம். அன்றே அழைத்துச் செல்லுங்கள், அவரைத் தனியே விடாதீர்கள். 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி மனஸ் என்னும் அரசின் இலவச மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். மனநல மருத்துவரிடம் செல்வது தவக்குலுக்கு முரணன்று. மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதில், உடல் நோய்க்கு மட்டும் என்ற வரையறை இல்லை.

நம் பள்ளிவாசல்களிலும் ஒன்று செய்யலாம். மாதம் ஒரு நாள், அஸருக்குப் பின், சர்க்கரை நோயுள்ளவர்கள் அமர்ந்து தங்களுக்குள் பேசிக்கொள்ள இடம் கொடுக்கலாம். பெண்களுக்கு அதுபோல மத்ரஸாவில் ஒரு நாள். பயான் தேவையில்லை. லாரன்ஸும் வெல்ஸும் லண்டனில் செய்ததை நம் மஹல்லாவில் செய்யப் பெரிய பொருட்செலவும் தேவையில்லை.

அத்தாவின் மறைவுக்குப் பின் ஒரு நாள், அந்த இரவைப் பற்றி அம்மாவிடம் பேசினேன். அம்மா சற்று நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீ பாடம் எடுத்துட்டுப் போயிட்ட, தம்பி. அவங்க உன்னைக் கூப்பிட்டது பக்கத்துல கொஞ்ச நேரம் உட்காரத்தான்" என்றார்கள்.

உங்கள் வீட்டிலும் அப்படி யாரேனும் திண்ணையில் அமர்ந்திருக்கக்கூடும். இன்று மஃரிபுக்குப் பின் அவர்கள் அருகில் சென்று அமருங்கள்.

எல்லாம் வல்ல அல்லாஹ் நம் நோயாளிகளுக்குப் பூரண நலத்தை வழங்குவானாக! கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் நம் உள்ளங்களைக் காப்பானாக! என் அத்தாவின் பிழைகளைப் பொறுத்து, என் பிழையையும் பொறுத்தருள்வானாக! ஆமீன்.